மலைமக்களின் ஐயம்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நம்மிற் பலர், கோயமுத்தூர்ப் பக்கம் செல்லுங்கால் கனகபுரா, கொள்ளேகால், சாமராஜநகர் ஆகிய ஊர்களைக் கடந்து திம்பம் மலைப்பாதை வழியாக இறங்குவதுண்டு. கொள்ளேகாலைத் தாண்டியதும் இடப்புறத்தே நீலநிறமாய்த் தோன்றுவது பிலிகிரிரங்கன் மலைத்தொடர். அம்மலைக்குப் பன்னெடுங்காலமாக உரியோர் சோலிகர் என்னும் பழங்குடியினர். தமிழகத்தில் அவர்களையே சோளகர் என்கிறோம். மலைமேற் கோயில் கொண்டிருக்கும் ரங்கநாதர் தம் குலப்பெண்ணை மணந்தவர் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அத்தெய்வத்தை அவர்கள் மாப்பிள்ளை முறை சொல்லி அழைக்கின்றனர்.

தெய்வத்தை உறவினராகக் கொண்ட இம்மக்கள் அரசாங்க உத்தியோகஸ்தரைக் கண்டால் மட்டும் ஒதுங்கி நிற்பதேன்? இவ்வையத்தை அறியாமை என்று கூறி நகர்ந்துவிடுதல் எளிது. ஆனால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

முற்காலத்தில் இவர்கள் காட்டில் ஓரிடத்தைத் திருத்திக் கேழ்வரகு விதைத்து, சில ஆண்டுகளில் அதனை விட்டு வேறிடம் பெயரும் புனவேளாண்மை செய்து வந்தனர். 1882இல் சென்னை மாகாணத்திலும், 1900இல் மைசூர் சமஸ்தானத்திலும் காட்டுச் சட்டங்கள் பிறந்தன. காடு அரசுடைமையாயிற்று. குறித்த காலத்துக்குள் உரிமை கோராதவர் அதனை இழப்பர் என்பது அச்சட்டங்களின் நெறி. எழுத்தறியாத மலைவாசிகள் அறிவிப்புக் காகிதத்தைக் கண்டது எப்பொழுது, கோரியது எப்பொழுது? தம் காட்டில் தாமே அயலாராயினர்.

பின்னர் மலையின்மீது மற்றொரு கோடும் விழுந்தது. கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பெற்றபோது அது மைசூருடன் இணைந்தது. தாளவாடி தமிழ்நாட்டிலேயே நின்றது. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்தவர்கள் நாம். அவர்களோ இருந்த இடத்தில் இருக்க, எல்லை அவர்களைக் கடந்து சென்றது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1974இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயமாயிற்று. காட்டினுள் வாழ்ந்த குடும்பங்கள் பல, சாலையோரங்களிலும் மலையடிவாரத்திலும் குடியமர்த்தப்பட்டன. 2002இல் அச்சட்டம் திருத்தப்பட்டபின், சில ஆண்டுகளில் தேன், நெல்லிக்காய், பாசி முதலியவற்றை விற்பனைக்காகச் சேகரிப்பதற்கும் தடை வந்தது. கைச்செலவுக்கு இருந்த வழியும் அத்துடன் அடைபட்டது.

இதனினும் கொடிய அனுபவம் ஒன்று உண்டு. வீரப்பனைத் தேடும் பணியில் இரு மாநிலங்களின் அதிரடிப்படைகளும் ஈடுபட்டிருந்த ஆண்டுகளில், காட்டுக்குள் இருந்தவர் தகவல் தரவில்லையென்று அடியுண்டனர். தந்தாலோ மறுதரப்பாரின் பகைக்கு அஞ்ச வேண்டியிருந்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. மலைமக்கள் அதன்முன் வந்து தாம் பட்ட துன்பங்களை எடுத்துரைத்தனர். 2007இல் பாதிக்கப்பட்டோர் பலருக்கு இடைக்கால உதவித்தொகை வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது.

இத்தகைய ஐயம் இம்மலைக்கு மட்டும் உரியதன்று. மெக்ஸிகோ நாட்டின் யுகத்தான் பகுதியில், நிலத்தைத் தோட்ட முதலாளிகளிடம் இழந்து வரிச்சுமையால் நலிந்த மாயா மக்கள் 1847இல் கிளர்ந்தெழுந்தனர். அப்போர் 1901 வரை நீண்டது. சோலிகர் ஆயுதம் ஏந்தவில்லை; அவர்கள் மௌனமாக விலகியே நின்றனர். எனினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே: தம்மைக் கேளாமல் தம்மைப்பற்றி எடுக்கப்பட்ட முடிவுகள்.

கேட்டிருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கோடையின் தொடக்கத்தில் உதிர்ந்த சருகுகளுக்குச் சிறு தீ மூட்டுதல் சோலிகர் வழக்கம். காடு அழியுமென அஞ்சி இதனை வன இலாகா தடுத்தது. அதன்பின் உண்ணிச்செடி மலையெங்கும் பரவிற்று. நெல்லி மரங்களிற் புல்லுருவி மிகுந்தது. பழைய சிறு தீயே இவற்றை அடக்கி வைத்திருந்தது என்பர் சோலிகர். பெங்களூர் ஆராய்ச்சியாளர் சிலர் அவர்களுடன் காட்டில் நடந்து இவ்வறிவை ஏட்டில் பதித்தனர்.

இறுதியில் சட்டமும் செவிசாய்த்தது. பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது சரித்திர அநீதி என்பதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது. 2011 தொடக்கத்தில் இம்மலை புலிகள் காப்பகமாயிற்று. மீண்டும் வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சம் எழுந்தது. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் சோலிகர் கிராம சபைகள் பலவற்றுக்குச் சமுதாய வன உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இந்தியாவில் இவ்வுரிமை கிடைத்தது அதுவே முதன்முறை எனக் கருதப்படுகிறது.

ஒரு பத்திரத்தால் நூறாண்டு ஐயம் தீர்ந்துவிடாது. ஆனால் தம் பெயரில், தம் சபையின் கையில், அரசாங்க முத்திரையுடன் ஒரு காகிதம் வந்தது என்பது சிறிய செய்தியன்று. அதுவரை வந்த காகிதங்களோ அவர்களிடமிருந்து எதையேனும் பறித்துச் சென்றவை. வேற்றூரில் வாழ்ந்து, அலுவலக வாயில்களில் நம் மொழி கேட்கப்படுமா என்று தயங்கி நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. ஆகவே சாமராஜநகர்ச் சாலையில் அடுத்த முறை செல்லுங்கால், இடப்புறத்து நீலமலையைச் சற்றே நின்று நோக்குவோமாக.