அடிக்கும் கையும் அயல்வீட்டுச் செவியும்

நம் இராயப்பேட்டையை அடுத்த ஆயிரம் விளக்கிலேதான், செல்வி ஜெயலலிதா முதலமைச்சராயிருந்த 1992-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் முதலாவது மகளிர் காவல் நிலையம் தோன்றிற்று. இன்று இத்தகையன இருநூற்றுக்கு மேற்பட்டுள. பெண்மக்கள் தம் துயரைச் சொல்லத் தனியிடம் வேண்டியதாயிற்றே, அஃதேன் என்று நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர் நாம். சுவருக்கப்பால் ஒருத்தி அலறினால், புருஷன் பெண்சாதி விவகாரமென்று கதவைச் சாத்திக்கொள்வதே கண்ணியமெனக் கருதினோம். அவ்வீட்டிலேயே திருடன் புகுந்தானென்றால் தடியெடுத்து ஓடியிருப்போம்!

சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே கதவைச் சாத்திக்கொண்டது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பத்து வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தல் குற்றமாகாதென விலக்களித்தது. அதன் விளைவைக் கல்கத்தா 1890-இல் கண்டது. பூல்மணி என்னும் சிறுமி கணவனால் மாண்டாள். அவனுக்குக் கிடைத்ததோ ஓராண்டுச் சிறை. மறு ஆண்டு அவ்வயதைப் பன்னிரண்டாக்க முற்பட்டபோது, மதத்திற்கு ஆபத்தென்று திலகர் முதலிய பெரியோரே எதிர்த்தனர். சிறுமியின் உயிரினும் கணவனது உரிமை பெரிதாகத் தோன்றிற்றுப் போலும். வயது மெல்ல மெல்ல ஏறி 2017-இல் பதினெட்டாயிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும், பதினெட்டு நிரம்பிய மனைவியர் விஷயத்தில் அவ்விலக்கு நிற்கிறது.

இங்கே ஒன்றை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். 1998-இல் எழும்பூரிலுள்ள எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருத்தி, வீதியில் ஆட்டோவில் வந்த இளைஞரின் அட்டூழியத்தால் வீழ்ந்து உயிர் நீத்தாள். நகரம் கொதித்தது, அவ்வாண்டே தனிச் சட்டம் பிறந்தது. அக்கொதிப்பு நியாயமே. ஆயினும் வீட்டுக்குள் நிகழ்ந்த கொடுமை தனிக் குற்றமாவதற்கு 1983 வரையும், அடிபட்டவள் அவ்வீட்டிலேயே வாழ உரிமை பெறுதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் காத்திருக்க நேர்ந்தது. வீதியில் அடிபட்டவள் நம் வீட்டுப் பெண். வீட்டில் அடிபட்டவள் அவன் வீட்டுப் பெண். பெண்ணை யாருடைய உடைமையென்று பார்த்தே நமது சினம் எழுவதும் அடங்குவதுமாயிருந்தது.

2019–21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனது வன்முறைக்கு ஆளானவரென்கிறது. அவருள் நம் குலத்துப் பெண்டிர் இல்லையென்று எவர் சொல்ல வல்லார்? நம் சங்கத்துப் பழைய நடவடிக்கைப் புத்தகங்களில், பெரியோர் முன்னிலையில் "சமாதானம் செய்விக்கப்பட்டது" என்னும் வரி பலவிடத்தும் காணப்படுகிறது. திருப்பியனுப்பப்பட்ட அப்பெண் பின்னர் என்னவானாள் என்பது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.