உருவமும் அருவமும்: திருகோணமலை, கொட்டியாரக் கரைகளில் இந்து வழிபாட்டின் வரலாறு

கடவுளுக்கு வடிவம் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு இந்து மரபில் ஒரே விடை இல்லை. உருவத்தை வணங்குவோரும், உருவம் வேண்டாம் என்போரும், உருவத்தின் வழியாகவே அதைக் கடக்கலாம் என்போரும் ஒரே மரபுக்குள் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். இலங்கையின் கீழ்க்கரையில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரிலிருந்து வடக்கே குடாவுக்கு அப்பாலுள்ள கோணேசர் மலை வரை, இந்தக் கேள்வி ஏட்டுவாதமாக மட்டும் இருக்கவில்லை. போரும் ஆக்கிரமிப்பும் இடப்பெயர்வும் விக்கிரகங்களை மக்களிடமிருந்து பிரித்தபோதெல்லாம், விக்கிரகமின்றி வழிபடுவது எப்படி என்று இவ்வூர்கள் நடைமுறையில் விடைகண்டன.

கோட்பாடு

வேதகால வேள்வியில் தீயே நடுநாயகம்; விக்கிரகத்துக்கு அங்கு இடமில்லை. பழந்தமிழகத்தில் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர். ஊர்ப் பொதியில்களில் கந்து எனும் தூணில் தெய்வம் உறைவதாக நம்பினர். கல்லில் செதுக்கிய முழு உருவங்களும் அவற்றுக்கெனக் கற்கோயில்களும் பல்லவர், பாண்டியர் காலத்தில் பெருகின. அவற்றுக்குரிய முறைகளை ஆகமங்கள் வகுத்தன.

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை மூன்றாகப் பகுக்கிறது. சிவம், சத்தி, நாதம், விந்து ஆகிய நான்கும் அருவம். மகேசுவரன், உருத்திரன், மால், அயன் ஆகிய நான்கும் உருவம். இடையில் நிற்கும் சதாசிவம் அருவுருவம். அதன் அடையாளமே லிங்கம். முகமும் கைகால்களும் இல்லாததால் அது உருவமல்ல. கண்ணுக்குத் தெரிவதால் அருவமும் அல்ல. மண்ணாலோ அரிசியாலோ செய்து பூசை முடிந்ததும் கலைத்துவிடும் கணிக லிங்கத்தையும் ஆகமம் ஏற்கிறது.

எதிர்க்குரல்களும் பழையவையே. கல்லை வணங்குவதைச் சித்தர் சிவவாக்கியர் எள்ளினார். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெற்றிடமும் தொங்கும் பொன் வில்வ மாலையும் மட்டுமே. வடலூரில் வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின்னே சோதியே வழிபடுபொருள்.

கோணேசர் மலை: முற்காலம்

கடலிலிருந்து செங்குத்தாக எழும், சுவாமி மலை என்றும் சொல்லப்படும் இம்மலையிலுள்ள திருக்கோணேசுவரத்தை ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடினார். நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோணமலையிலிருந்த மச்சகேசுவரம் என்னும் சிவன் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைச் சொல்கிறது. மலையுச்சியிலும் சரிவிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் இருந்ததைப் போர்த்துக்கீசரின் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். கோயிலின் திருப்பணியைக் குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்ததாக ஊர்மரபு சொல்லும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலும் அவனையே முதன்மைப்படுத்துகிறது.

அழிவும் மலைவிளிம்பு வழிபாடும்

போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1622க்கும் 1624க்கும் இடையில் கோயிலை இடித்து, அதன் கற்களால் கோட்டை கட்டினார். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டு இன்றும் சுவரோடு சுவராக நிற்கிறது. இடிபாடுகள் கடலில் சரிந்தன. விழாவுக்கு எழுந்தருளும் செப்புத் திருமேனிகளை அடியார்கள் மண்ணில் புதைத்தார்கள். ஒரு பகுதியை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்ததாகவும், தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் அதன் தொடர்ச்சி என்றும் மரபு கூறும்.

அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மலையில் கோயிலும் இல்லை, மூலவரும் இல்லை. வழிபாடு மட்டும் நிற்கவில்லை. ஒல்லாந்தருக்குப் பின் 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் காலத்தில், பூசகர் மலைவிளிம்பிலுள்ள பாறைத் திட்டுக்கு இறங்கி, தீபம் காட்டி, தேங்காய் உடைத்து, பூவும் வெற்றிலையும் பழமும் கீழே கொந்தளிக்கும் கடலில் இடுவார். கூடிநிற்போர் கைகூப்பித் தொழுவர். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் இந்தப் பூசையை விவரித்திருக்கிறார். பூசகரின் எதிரே இருந்தவை கடலும் வானும்தான். கோயில் மீண்ட பின்னும் இவ்வழக்கத்தின் சாயல் மறையவில்லை: விளிம்போரத்து மரத்தில் பிள்ளைவரம் வேண்டிச் சிறு மரத்தொட்டில்களும் துணித்துண்டுகளும் இன்றும் கட்டப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு விவாதங்கள்

கிறித்தவ மிஷனரிமார் விக்கிரக வழிபாட்டைக் கண்டித்து எழுதியபோது இந்தியாவில் பிரம்ம சமாஜமும் (1828), பின்னர் ஆரிய சமாஜமும் (1875) உருவத்தைக் கைவிடும் வழியை எடுத்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) எதிர்வழியில் நின்றார். விவிலிய மொழிபெயர்ப்பில் பங்குகொண்டிருந்த அவர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், பழைய ஏற்பாட்டில் வரும் ஆலயம், உடன்படிக்கைப் பெட்டி, தூபம் ஆகியவற்றைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டு, கண்டித்தவர்களின் வேதத்தைக் கொண்டே விடையளித்தார்.

நாவலரின் போராட்டத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மூலத்தானத்தில் திருவுருவத்துக்குப் பதிலாக வேல் இருப்பது ஆகமத்துக்கு ஒவ்வாது என்றார். கண்ணகி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கண்டித்தார். மக்கள் அவரைப் பாதிதான் பின்பற்றினார்கள். நல்லூர் மூலத்தானத்தில் இன்றும் வேலே இருக்கிறது.

கிராமக் கோயில்களின் வழி

கீழ்க்கரைக் கிராமங்களில் உருவமும் அருவமும் கலந்தே நடக்கின்றன. வெருகல் சித்திரவேலாயுதர் கோயில், கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் தலமாக விளங்குகிறது. அவர்கள் போய்ச்சேரும் கதிர்காமத்தில் மூலத்தானம் திரைக்குப் பின்னே இருக்கும். திருவிழாவில் யானைமீது வருவது மூடிய பேழை. அதற்குள் இருப்பது யந்திரம் என்பது நம்பிக்கை; அடியார்கள் அதைப் பார்ப்பதில்லை.

அம்மன் சடங்குகளில் கும்பமே தெய்வம். குடத்தில் நீர் நிறைத்து, வாயில் வேப்பிலையும் தேங்காயும் வைத்து அம்மனை அதில் எழுந்தருளச் செய்வார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் கதவு ஆண்டு முழுதும் பூட்டியிருக்கும். வைகாசிச் சடங்கில்தான் திறக்கும். அம்மனின் முகக்களை எனும் முகவுருவைக் கும்பத்தில் சாத்துவதும் உண்டு. குளிர்த்தி பாடிச் சடங்கு முடிந்ததும் கதவு மறுபடி அடைபடும். அடுத்த வைகாசி வரை அம்மன் ஊரின் பேச்சிலும் நேர்த்திக்கடனிலும் இருப்பாள்.

ஆகமக் கோயில்களும் இதிலிருந்து விலகியவை அல்ல. திருப்பணி தொடங்குமுன் குருக்கள் விக்கிரகத்திலுள்ள தெய்வ ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றுவார். இது கலாகர்ஷணம். வேலை முடியும்வரை பூசை பாலாலயம் எனும் தற்காலிகச் சன்னிதியில் நடக்கும்; அந்த நாள்களில் பழைய சிலை வெறும் கல்தான். புதிய திருவுருவமானால் சிற்பாசாரியார் பொன்னூசியால் கண் திறப்பார். கும்பாபிஷேகத்துக்கு முன் வருவது எண்ணெய்க்காப்பு. மற்ற நாள்களில் மூலத்தானத்தை எட்டியும் பார்க்க முடியாதவர்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளும், கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு வரிசையில் போய்த் தங்கள் கையாலேயே விக்கிரகத்தின் தலை முதல் பாதம் வரை தடவுவார்கள். மறுபடி ஆற்றல் ஏற்றப்பட்டதும் அந்தத் திருமேனியைத் தொடும் உரிமை குருக்களுக்கு மட்டுமே.

மீண்ட உருவங்கள்

1950இல் திருகோணமலை நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் மலையடிக் கடலில் மூழ்கித் தேடிய மைக் வில்சன், கோயில் இடிபாடுகளையும் ஒரு லிங்கத்தையும் கண்டார். அவருடைய தோழர் ஆர்தர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட நூல் அச்செய்தியை உலகுக்குச் சொன்னது. லிங்கம் கோயிலுக்கே வந்துசேர்ந்தது. புதிதாகக் கட்டிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது.

இந்த வரலாற்றில் சித்தாந்தத்தின் மூன்று நிலைகளும் மூன்று இடங்களில் தங்கியிருந்ததைக் காணலாம். உருவத் திருமேனிகளை மண் காத்தது. அருவுருவமான லிங்கத்தைக் கடல் காத்தது. வடிவமற்ற வழிபாட்டை மலைவிளிம்பில் கூடிய மக்கள் காத்தார்கள். மூன்றாவது தொடராமல் இருந்திருந்தால், மற்ற இரண்டும் திரும்பியபோது அவை அருங்காட்சியகப் பொருள்களாகவே நின்றிருக்கும்.

சம்பூர்

குடாவின் தென்கரையில் சம்பூர் பத்திரகாளி அம்மன் கோயில் அப்பகுதி மக்களின் தாய்க்கோயில். உள்நாட்டுப் போரில் 2006 ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வான், எறிகணைத் தாக்குதல்களாலும், செப்டம்பரில் அரச படையினர் ஊரைக் கைப்பற்றியதாலும் சம்பூர் மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்தனர். 2007இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் பல ஆண்டுகள் கழித்தனர். மீள்குடியேற்றம் 2015இல் தொடங்கியது; கடற்படை முகாம் அமைந்திருந்த காணிகள் 2016இல் விடுவிக்கப்பட்டன.

நாடெங்கும் தமிழர்களின் இடைத்தங்கல் முகாம்களில், தகரக் கொட்டிலின் ஒரு மூலையில் சுவாமி படமும் விளக்கும், மரத்தடியில் நாட்டிய சூலமும் கோயிலின் வேலையைச் செய்தன. ஆனாலும் ஊர் திரும்பியோர் வீட்டுக்கு முன் கோயிலைத் துப்புரவாக்கியதும், கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்த்ததும் வடக்கு கிழக்கெங்கும் கண்ட காட்சி. படத்தால் காலம் தள்ள முடிந்தது. ஊர் அம்மனின் இடத்தை அதனால் நிரப்ப முடியவில்லை.

ஆகவே இக்கரைகளில் உருவ வழிபாட்டை அறியாமையின் படி என்றும், அருவ வழிபாட்டை அதற்கு மேலான படி என்றும் அடுக்குவது பொருந்தாது. மேல்நிலை எனப்படும் அருவ வழிபாட்டுக்கு இங்குள்ளவர்கள் பெரும்பாலும் இழப்பின் வழியாகவே வந்தார்கள். வாய்ப்புக் கிடைத்ததும் உருவத்துக்குத் திரும்பினார்கள். தத்துவம் கற்ற பண்டிதர் அருவத்தை முடிவாகக் கொள்ளலாம். கீழ்க்கரை அடியாருக்கு அது, திருவுருவம் இல்லாத காலத்திலும் தெய்வத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் வழி.