குடல், பட்டு, நைலோன்: ஒரு தந்தி மாற்றத்தின் பின்னால்

என் சகோதரியின் மகன் பழைய கிளாசிக்கல் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து, அறுந்துபோன தந்தியைக் காட்டினான். "மாமா, இதுக்கு இரும்புத் தந்தி போட்டா சரிவருமா? மற்றது, கிற்றார் எங்கட ஆக்கள் கண்டுபிடிச்ச சாமான் எண்டு சொல்றாங்களே, உண்மையா?"

முதற் கேள்விக்குப் பதில் இலகு. இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுக்கும். நைலோன் தந்திகள் 40 கிலோ அளவில்தான். இரும்பைப் பூட்டினால் மெல்லிய முகப்பலகை உப்பிவிடும், தந்தி கட்டும் கட்டையே பெயர்ந்து வரவும் கூடும். இந்த வாத்தியம் இரும்புக்காகச் செய்யப்பட்டதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தொரெஸ் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தபோது, அவர் கையில் இருந்தவை ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த தந்திகளும், பட்டு நூலின் மேல் உலோகக் கம்பி சுற்றிய தடித்த தந்திகளுமே.

குடலும் பட்டும் என்றதும் பக்தாதின் ஞாபகம் வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி அல்-கிந்தி 'ஊத்' வாத்தியத்தைப் பற்றி எழுதும்போது, பம், மத்லத் என்ற தடித்த தந்திகள் இரண்டும் குடலால், மத்னா, ஸீர் என்ற மெல்லியவை பட்டால் என்று கணக்காகச் சொல்கிறார். அல்-ஊத் என்ற அந்தச் சொல்தான் ஐரோப்பாவில் 'லூட்' ஆனது.

இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். கி.பி. 822இல் குர்துபாவுக்கு வந்து, இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அரசவையில் புகழ்பெற்ற ஸிர்யாபை நம்மவர் பலர் 'கிற்றாரின் தந்தை' என்றே எழுதிவிடுகிறார்கள். அவர் வாசித்தது ஊத். அதற்கு ஐந்தாம் தந்தி சேர்த்தார், கழுகின் இறகால் மீட்டினார், சிங்கக் குட்டியின் குடலில் தந்தி செய்தார் என்றெல்லாம் விரிவாகச் சொல்பவர் அல்-மக்கரி. அவர் எழுதியது 17ஆம் நூற்றாண்டில், அதாவது 800 வருடம் கழித்து! ஐந்தாம் தந்தி பற்றிய யோசனை அல்-கிந்தியிடமும் இருக்கிறது. சிங்கக் குட்டிக் கதையை நான் கதையாகவே வைத்திருக்கிறேன்.

கிற்றாரோ வேறு உடம்பு: இடுப்பு ஒடுங்கியது, முதுகு தட்டையானது. 14ஆம் நூற்றாண்டில் ஹுவான் ருயிஸ் என்ற ஸ்பானியக் கவிஞர் 'மூர்களின் கிற்றார்', 'லத்தீன் கிற்றார்' என இரண்டைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே விழாவில் ஒலித்திருக்கின்றன. யார் யாரிடம் கற்றார் என்று கோடு கிழிப்பது லேசில்லை. எனவே "கண்டுபிடிச்சது நாங்க இல்ல, பக்கத்தில இருந்து பங்களித்தவங்க" என்றேன். பையனின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

பழைய தந்தியைக் கழற்றும்போது அவனுக்கு ஒன்றைக் காட்டினேன். கிளாசிக்கல் கிற்றாரில் தந்தி முகப்பலகையில் ஒட்டிய கட்டையின் துளைக்குள் நுழைந்து, மேலே வளைந்து, தன்னைத்தானே சுற்றி முடிச்சாகிறது. ஊதிலும் அப்படித்தான், ஒட்டிய கட்டையில் தந்தியைக் கட்டுகிறார்கள். ஆணியுமில்லை, திருகுமில்லை.

இரண்டாம் உலகப் போர் வரை கிற்றாருக்குக் குடல் தந்திதான். வெப்பத்திலும் ஈரத்திலும் அது நைந்துபோகும்; கச்சேரி நடுவிலும் அறும். போர்க்காலத்தில் குடல் இழை காயம் தைக்கும் நூலுக்குத் தேவைப்பட, கலைஞர்களுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனத்தில் 1935இல் பிறந்த நைலோன் அந்த இடத்தை நிரப்பியது. டென்மார்க்கில் பிறந்து நியூயோர்க்கில் கிற்றார் செய்த அல்பேர்ட் ஒகஸ்டின், ஸ்பானிய மேதை அந்த்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு 1940களில் நைலோன் தந்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் குடல் தந்தி ஏறக்குறைய மறைந்தது. தடித்த தந்திகளின் உள்ளே இருந்த பட்டும் போய், நைலோன் இழைகள் வந்தன.

நாங்கள் ஆறையும் ஒரேயடியாகக் கழற்றவில்லை. ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டோம். தடித்தவற்றுக்கு ஒரு சுற்று போதும். மெல்லியவை வழுக்கும், ஆகவே இரண்டு மூன்று சுற்று. சுருதி கூட்டி முடித்த பத்தாவது நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டன.

"மாமா, பழுதா?"

"இல்ல வாப்பா, நைலோன் நீளும். மூணு நாலு நாளைக்குத் திருகிக்கொண்டே இரு."