நிலவறையின் நீதி: பலெர்மோவின் ஒரு தொடர்கதையும் அதை நம்பியவர்களும்

1909 மே 6 அன்று சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ‘ஜோர்னாலே தி சிசிலியா’ நாளிதழ் ஒரு தொடர்கதையைத் தொடங்கியது. எழுதியவர் பெயர் வில்லியம் கால்ட் என்று இருந்தது. அது புனைபெயர். உண்மையில் எழுதியவர் அதே நகரில் 1857இல் பிறந்து, ஆசிரியப் பணி செய்து, சிசிலியின் பழைய ஏடுகளில் தோய்ந்திருந்த லூயிஜி நத்தோலி. 239 பகுதிகளாக 1910 ஜனவரி 2 வரை வெளிவந்த அக்கதை ‘பெயாத்தி பாவொலி’. இரவில் கறுப்பு முக்காடிட்டு நிலவறையில் கூடி, அரசின் நீதிமன்றம் தொடத் துணியாத பிரபுக்களுக்குத் தண்டனை விதிக்கும் ஒரு ரகசியக் கூட்டத்தின் கதை அது. விஷம், பறிக்கப்பட்ட வாரிசுரிமை, ஒளித்து வளர்க்கப்படும் குழந்தை, தன் பிறப்பறியாத இளைஞன் பிளாஸ்கோவின் வாள்வீச்சு என்று இருண்மைப் புனைவின் உறுப்புகள் எல்லாம் அதில் உண்டு. இன்று இளையோருக்கென எழுதப்படும் இருள்சூழ் மிகுபுனைவுகளின் மூதாதை என்று அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அந்த நாவலின் தரத்தை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதைப் படித்தவர்களும் படிக்கக் கேட்டவர்களும் என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி. பலெர்மோ மக்கள் கதையை வரலாறாக நம்பினார்கள் என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். அந்த ‘நம்பினார்கள்’ என்ற சொல்லுக்குள் ‘ஏமாந்தார்கள்’ என்ற பொருள் ஒளிந்திருப்பதை நான் ஏற்கவில்லை. அவர்கள் நம்பியதற்குக் காரணம் அறியாமை அன்று. கதை நடக்கும் இருட்டு அவர்கள் வீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நகரின் மண்ணை அறிய வேண்டும். பலெர்மோவைக் கட்டிய கல்லில் ஒரு பகுதி பலெர்மோவுக்கு அடியிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. மென்மையான அந்தச் சுண்ணாம்பு மணற்கல்லில் தொல் கிறித்தவர்களின் புதைகுகைகள் இருக்கின்றன. அரபு மரபில் வெட்டிய கனாத் என்னும் நீர்ச்சுரங்கங்கள் இருக்கின்றன. கல் வெட்டியெடுத்த பழைய குழிகள் இருக்கின்றன. பாப்பிரேத்தோ என்ற ஆறே மூடப்பட்டு மண்ணுக்கடியில் போய்விட்டது. நத்தோலி தன் கூட்டத்தாரைக் குடியேற்றியது அந்த ஆற்றுப் பள்ளத்தை ஒட்டிய காப்போ பகுதியில். அங்கே கிணற்றடியில் நின்றவளுக்கும் கடையின் நிலவறையில் சரக்கு அடுக்கியவனுக்கும் தரைக்குக் கீழே வழி ஒன்று போகிறது என்பது கதையில் வந்து தெரிய வேண்டிய செய்தி அன்று. கதைக்குச் சூழல் ‘அமைந்தது’ என்று விமர்சனத்தில் எழுதுகிறோம். இங்கே சூழல் முதலில் இருந்தது, கதை பிறகு வந்து அதில் இறங்கியது.

பெயாத்தி பாவொலி என்ற கூட்டத்தின் பெயரும் அப்படித்தான், முன்பே இருந்தது. கூட்டத்தைப் பற்றிய வாய்மொழிக் கதைகள் நத்தோலிக்கு நெடுநாள் முந்தியவை. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லாபியாங்கா பிரபு தன் குறிப்புகளில் இவர்களைப் பற்றி எழுதினார். 1836இல் வின்சென்சோ லினாரெஸ் ஒரு கதையாக்கினார். வில்லாபியாங்காவின் குறிப்பில் 1723இல் தூக்கிலிடப்பட்ட ஜிரோலமோ அம்மிராத்தா என்பவரின் பெயர் வருகிறது. அந்தப் பெயரை நத்தோலி அப்படியே எடுத்துத் தன் நாவலில் ஒரு பாத்திரத்துக்குச் சூட்டினார். சான்றுள்ள ஒரு பெயர், சான்றில்லாத நூறு உரையாடல்களுக்குப் பிணை நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த உத்தி புதிதன்று. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலன் கொலையில் குற்றவாளிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் ரவிதாசன் நடுக்காட்டில் சதி பேசுகிறான், அவன் அருகே கல்வெட்டில் இல்லாத நந்தினி நிற்கிறாள். ரவிதாசன் உண்மை என்றால் நந்தினி எப்படிப் பொய்யாவாள்? இந்தக் கேள்வியோடு சோழ வரலாற்றுக்குள் நுழைந்தவர்கள் நம்மில் ஏராளம். வீரநாராயண ஏரிக்கரையில் நின்று வந்தியத்தேவனின் குதிரை எந்தப் பக்கம் வந்திருக்கும் என்று பார்ப்பவரை யாரும் ஏமாளி என்பதில்லை. காப்போவின் சந்துகளில் நிலவறைக் கதவைத் தேடியவருக்கும் அதே மரியாதை தரப்பட வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. என் வாதம் அதில்தான் தங்கியிருக்கிறது. 1911இன் கணக்கெடுப்பில் சிசிலியரில் பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள். நாளிதழ்த் தொடர் அவர்களை எட்டியது ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட வழியில்தான். தமிழில் இத்தகைய கூட்டு வாசிப்பு தனித்த மௌன வாசிப்பாக மாறியதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். பலெர்மோவில் அந்தக் கேட்கும் கூட்டம் முன்பே பழக்கப்பட்டிருந்தது. தெருவில் கதை சொல்லும் குந்திஸ்தாக்களையும் பொம்மலாட்ட அரங்குகளையும் ஜுசெப்பே பித்ரே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்தார். அங்கே சொல்லப்பட்ட கதைகளில், பேரரசன் கார்லோவின் (சார்லமேன்) வீரர்களுள் அரசனை எதிர்க்கவும் துணிந்த ரினால்தோவின் பக்கம் அக்கூட்டம் சாய்ந்தது. துரோகி கானோ மேடைக்கு வந்தால் ஏசியது. இப்படிக் கேட்டுப் பழகியவர்கள் நத்தோலியின் கதையைத் தனியறையில் கனவு காண்பவர்களைப்போலக் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கம் சேர்ந்துதான் கேட்டிருப்பார்கள்.

1971இல் ஃபிளாக்கோவியோ பதிப்பகம் நாவலை மீண்டும் வெளியிட்டபோது உம்பெர்த்தோ எக்கோ அதற்கு முன்னுரை எழுதினார். வெகுசன நாவல் வாசகரின் கோபத்தைக் கிளறி, ஒரு மாவீரனைக் கொண்டு அதைத் தீர்த்துவைத்து, உலகை இருந்தபடியே விட்டு அவரை வீட்டுக்கு அனுப்புகிறது என்பது எக்கோ பல இடங்களில் வைத்த வாதம். யூஜீன் சூவின் ‘பாரிஸ் மர்மங்கள்’ முதலியவற்றை அவர் இப்படித்தான் படித்தார். நத்தோலிக்கும் இது பொருந்தும்: கூட்டத்தின் தலைவன் கொரியோலானோ தெல்லா ஃபிளோரெஸ்தா ஓர் உயர்குடிப் பிரபு. ஏழைகளுக்கு நீதி மேலிருந்துதான் வருகிறது. பிரதியைப் பற்றிய தீர்ப்பாக எக்கோ சொன்னதை மறுக்க என்னிடம் எதுவுமில்லை. கேட்டவர்களைப் பற்றிய தீர்ப்பாக அதை நீட்டுவதுதான் தவறு. ஆறுதல் பெற்றவர் கதையை மூடிவைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். பலெர்மோ மறக்கவில்லை. 1948இல் பினோ மெர்கான்தி கதையைத் திரைப்படமாக்கினார். பொம்மலாட்டக்காரர்கள் அதை மேடையேற்றினார்கள். காப்போவில் ஒரு சதுக்கமும் ஒரு தெருவும் இன்று பெயாத்தி பாவொலி என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன. தணிந்துபோன கோபத்துக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் இருப்பதில்லை. நடக்கும் நீதிமன்றம் ஒன்று, நடந்திருக்க வேண்டிய நீதிமன்றம் வேறு என்ற எண்ணம் அந்நகரில் அணையாமல் இருந்தது. நாவல் அந்த எண்ணத்துக்கு முகமூடியும் முகவரியும் கொடுத்தது.

முகமூடியை வேறொருவரும் அணியலாம் என்பதை நத்தோலியின் வாசகரை நேசிக்கும் எவரும் விழுங்கித்தான் ஆக வேண்டும். மாஃபியாவிலிருந்து வெளியேறிச் சாட்சியான கத்தானியாக்காரர் அந்தோனினோ கால்தெரோனே, தன்னைச் சேர்த்துக்கொண்ட சடங்கில் ‘கோசா நோஸ்த்ரா’ என்னும் அந்த அமைப்பின் பிறப்புக் கதையோடு பெயாத்தி பாவொலியும் சேர்த்துச் சொல்லப்பட்டதைப் பின்னாளில் விவரித்தார். ஒரு கொலைக்கூட்டம் தனக்கு வம்சாவளி தேடியபோது கையில் கிடைத்தது, மக்கள் நெஞ்சில் வைத்திருந்த கதை. அவர்களும் வாசகர்களே. எளியவர் அக்கதையில் நீதியைக் கேட்டார்கள். இவர்கள் நிலவறையையும் ரகசியத்தையும் தண்டிக்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டு நீதியை விட்டுவிட்டார்கள். இதற்காகக் கதையைக் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதே பக்கங்களைக் கேட்ட பல்லாயிரம் பேர் யாரையும் கொல்லவில்லை. எனினும் இருட்டின் அழகு கேட்பவரைத் தரம் பிரித்து உள்ளே விடுவதில்லை என்பதும் உண்மை. இருண்மைப் புனைவைப் பற்றி எழுதும் நாம் ‘சூழல் அருமை’ என்று பாராட்டி நின்றுவிடுகிறோம். அந்தச் சூழலுக்குள் நின்று வாசகர் எந்தப் பக்கம் சேர்ந்தார் என்று கேட்பதில்லை. கார்லோஸ் ருயிஸ் சாஃபோன் பார்சிலோனாவின் மூடுபனியில் இளையோருக்கென எழுதிய ‘மரீனா’ (1999) போன்ற நாவல்களைப் படிப்பவர்களிடமும் கேட்கத் தக்க கேள்வி அது.

சல்வத்தோரே கொந்தோர்னோ பலெர்மோ மாஃபியாவைச் சேர்ந்தவர். 1981இல் பிரான்காச்சோ பகுதியில் தன்னைக் கொல்ல வைத்த பொறியிலிருந்து தப்பினார். மறைந்து திரிவதில் வல்லவரான அவருக்குக் கூட்டாளிகள் இட்ட பட்டப்பெயர் கொரியோலானோ தெல்லா ஃபிளோரெஸ்தா. 1986இல் உச்சார்தோனே சிறையை ஒட்டிக் கட்டப்பட்ட மண்டபத்தில் நடந்த மாஃபியா வழக்கில், கூண்டுகளுக்குள் நின்ற பழைய கூட்டாளிகளின் எதிரே, முகமூடி ஏதுமின்றி, அரசின் நீதிபதிகள் முன் அமர்ந்து அவர் சாட்சி சொன்னார். சொன்னது இத்தாலிய மொழியில் அன்று; பலெர்மோத் தெருக்களின் பேச்சில்.