அரக்கில் பிறந்த தபால்தலை

வாழ்த்து அட்டையில் ஈர மை மேல் பொடி தூவி, சூடு காட்டி எழுத்தைப் புடைக்க வைக்கிறோமே, அந்தப் புடைப்பு ஆசை பழசுதான். 1852 ஜூலை 1 அன்று சிந்துப் பகுதியின் ஆணையர் பார்ட்டில் ஃபிரெர் ஆசியாவின் முதல் தபால்தலையை வெளியிட்டார். விலை அரை அணா. சிவப்பு அரக்கு வில்லையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக முத்திரை புடைத்து நிற்கும். (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது போதாதா!) பார்க்க அழகுதான், ஆனால் அரக்கு இறுகினால் நொறுங்குமே... அப்படித்தான் விரிசல் விட்டது.

அடுத்து வெள்ளைக் காகிதத்தில் நிறமே இல்லாத புடைப்பு. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு நீலம். அதற்குள் 1854-ல் இந்தியா முழுவதற்கும் பொதுத் தபால்தலைகள் வந்துவிட்டன. அந்தச் சிவப்பு வில்லைகளில் உடையாமல் இன்று மிஞ்சியவை மிகச் சிலவே.