நூறாண்டு வழி தப்பிய கண்ணாடி ஓடு

1887. ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில், கண்ணை இழந்தவர்களுக்குக் கண்ணாடியில் செயற்கைக் கண் ஊதித் தருவது முல்லர் குடும்பத்தின் தொழில். அந்தப் பட்டறைக்குக் கண்ணை இன்னும் இழக்காத ஒருவர் வந்தார். அனுப்பியவர் பான் நகர மருத்துவர் சேமிஷ். புற்றுநோய்க்காக இமையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்திருந்தார்கள். மூட இமையில்லாமல் கண் காய்ந்துகொண்டிருந்தது. கருவிழி புண்ணானால் பார்வை போய்விடும். முல்லர்கள் மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றை ஊதினார்கள். கருவிழிக்கு நேரான பகுதி மட்டும் தெளிந்த கண்ணாடி. அந்த ஓட்டின் நிழலில் சுமார் 20 ஆண்டுகள் அவருடைய பார்வை நிலைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த ஓடு வேறொரு கனவின் பின்னால் போய்விட்டது.

சூரிச்சில் மருத்துவர் அடால்ஃப் யூஜன் ஃபிக், மூக்குக்கண்ணாடி செய்கிற வேலையைக் கண்ணின் மேலேயே அமரும் கண்ணாடியால் செய்ய முனைந்தார். முதலில் முயல்களுக்கு மாட்டிப் பார்த்தார். இறந்தவர்களின் கண்ணில் அச்சு எடுத்தார். பிறகு தன் கண்ணிலும் சில நோயாளிகளின் கண்களிலும் சர்க்கரைக் கரைசல் நிரப்பி வைத்தார். பார்வை தெளிந்தது. ஓரிரு மணி நேரத்தில் கருவிழி மங்கலாகிவிட்டது. 1889இல் கீல் நகரில், கிட்டப்பார்வையால் அவதிப்பட்ட மருத்துவ மாணவர் ஆகஸ்ட் முல்லர் தன் கண்ணிலேயே சோதித்தார். கோகெய்ன் சொட்டு விட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் வலி பொறுக்கவில்லை. எங்கே தவறியது?

விடையின் திறவுகோல் ஃபிக்கின் வீட்டிலேயே இருந்தது. ஒரு பொருள் இன்னொன்றின் ஊடாக எப்படிப் பரவுகிறது என்ற விதியை 1855இலேயே வகுத்தவர் அவருடைய சித்தப்பா அடால்ஃப் ஃபிக். கருவிழியில் ரத்தக்குழாய் இல்லை. பெரும்பாலும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜன் பெறுகிறது. கண்ணாடியோ காற்றை விடவில்லை. பின்னாளில் லென்ஸுக்குள் எவ்வளவு ஆக்சிஜன் புகும் என்று கணக்கிட உதவியது சித்தப்பாவின் விதியேதான். அந்தக் கணக்கு வருமுன் ஒரு விபத்து குறுக்கிட்டது.

1930களில் உடையாத, எடை குறைந்த பிளாஸ்டிக் வந்தது. ஆனால் அதுவும் காற்றை விடாது. 1940களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் கெவின் டூஹி கடைந்துகொண்டிருந்த பெரிய லென்ஸின் விளிம்பு உடைந்து விழுந்தது என்பார்கள். மிஞ்சிய சிறு வில்லையை மெருகேற்றித் தன் கண்ணில் வைத்தார். கருவிழி மேல் மட்டும் மிதந்த அதன் அடியில், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் புதுக் கண்ணீர் புகுந்தது. உலகம் சின்ன லென்ஸுக்கு மாறியது. 1961இல் செக் நாட்டு விஞ்ஞானி விக்டர்லே மென்மையான லென்ஸையும் செய்துவிட்டார். பெரிய ஓட்டின் கதை முடிந்ததாகவே தோன்றியது.

ஆனால் ஒரு கூட்டத்தார் மட்டும் வெளியே நின்றார்கள். சல்ஃபா மருந்தோ வலிப்பு மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்தவர்கள். உயிர் பிழைத்தாலும் கண்ணீர் வற்றி, இமையின் உள்ளோரம் தடித்து, ஒவ்வொரு சிமிட்டலும் உப்புத்தாள் போல் கருவிழியை உரசும். சின்ன லென்ஸ் குத்தியது. மென்மையான லென்ஸ் உலர்ந்தது. 1983இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து டான் எசக்கியேல் ஒரு சேதி வெளியிட்டார்: காற்றை ஊடுருவ விடும் பிளாஸ்டிக்கில், பழைய பெரிய அளவிலேயே லென்ஸ்! பாஸ்டன் மருத்துவர் பெரி ரோசென்தால் அத்தகைய லென்ஸை நோயுற்ற கண்களுக்கென்றே வளர்த்தெடுத்தார். 1994இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

அதுதான் இன்றைய ஸ்க்ளீரல் லென்ஸ். வலி குறைவாகத் தெரியும் வெண்விழியில் அமர்ந்து, கருவிழியைத் தொடாமல் குடை விரிக்கிறது. இடைவெளியில் நாள் முழுக்க உப்புநீர் நிற்பதால் கருவிழி காய்வதில்லை. அதன் மேடுபள்ளங்களை அந்த நீரே நிரவுவதால் பார்வையும் தெளிகிறது. வீஸ்பாடன் முல்லர்களின் ஓடு எதற்காகப் பிறந்ததோ, அந்த வேலைக்கே நூறாண்டு கழித்துத் திரும்பிவிட்டது. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் இதைப் பொருத்துகிறார்கள். விதி என்று இருட்டறையில் முடங்கிவிட்ட ஒருவர் எங்கேனும் இருந்தால், ஸ்க்ளீரல் லென்ஸ் என்ற பெயர் அவர் காதுக்கு எட்ட வேண்டும்.