கிளி ஓட்டியவளும் காடு காத்தவளும்

சங்கப் பாடல்களில் பெண் கிளியைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் தினைப்புனம். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மீது நின்று, தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளி ஓட்டினார்கள். வகுப்பறையில் நாம் அதைக் காதலுக்கு வாய்த்த தனிமை என்று படித்தோம். கதிர் முற்றும்வரை நாள்தோறும் செய்த காவல் வேலை என்று படிக்கவில்லை. பின்னாளில் கிளி ஆண்டாளின் தோளிலும் மீனாட்சியின் கையிலும் அணியாக அமர்ந்தது. அவள் உழைப்பு மறைந்து அலங்காரம் மட்டும் மிஞ்சியது.

காடு காத்த வரலாற்றிலும் இதே மறதி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச் சிறகுப் பைங்கிளி, மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்த பொந்துகளில் முட்டையிடும். வயதான மரங்கள் வீழ்ந்தால் அதற்கு வீடில்லை. இந்தக் கிளி வாழும் மழைக்காடுகளில் ஒன்று கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. 1970-களில் அங்கே குந்திப்புழையின் குறுக்கே மின் திட்ட அணை கட்ட முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் போராட்டம் என்றதும் சிங்கவால் குரங்கும் பிரதமர்களும் நினைவுக்கு வருகிறார்கள். ஜானகி அம்மாள் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

1897-இல் தலச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்புக் கலப்பினங்களை ஆராய்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. எண்பது வயதைக் கடந்த பிறகும் அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுத்தார்; அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியிலும் இறங்கினார். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அவர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தஞ்சாவூரில் இதைப் படிக்கும் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? நீலகிரியில் பிறக்கும் பவானி ஆறு அந்தப் பூங்காவுக்குள் நுழைந்து, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் கசியவிடுவது அந்த மலைக்காடு. வழியில் அணைகளும் வாய்க்கால்களும் எடுத்தது போக மிஞ்சுவதுதான் டெல்டாவுக்கு வருகிறது. ஆற்றில் தண்ணீர் பிந்தினால் நடவு பிந்தும். நடவு பிந்தினால் நிலமுள்ளவருக்கு மகசூல் குறையும். நாற்று நடும் பெண்ணுக்கோ அன்றைய கூலியே இல்லை. நிவாரணப் பட்டியல் பட்டாதாரர் பெயரைத் தேடும். அவள் பெயரில் பட்டா இருப்பது அரிது.

மலையிலும் நிலைமை வேறல்ல. காட்டைக் காக்க வேலி போட்டதும் முதலில் தடுக்கப்படுவது விறகுக்கட்டு சுமந்து வரும் பழங்குடிப் பெண். 2006 வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு வன நில உரிமையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொல்கிறது. வயல்காட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காத ஏற்பாடு இது. அது ஏட்டோடு நின்றுவிடாமல் கேட்டுப் பெற வேண்டியது.

கிளியின் பொந்தும், விறகு சுமப்பவளின் உரிமையும், நடவுப் பெண்ணின் கூலியும் ஒரே மலைக்காட்டை நம்பி இருக்கின்றன. காட்டின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அந்த இரு பெண்களுக்கும் இடம் வேண்டும்.